பாய்லர் ஞாயிற்றுக்கிழமை இறந்தது

அக்டோபர் 14, திங்கள்

இன்றைய தவறு: எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் இன்று காலை நின்றுவிட்டதாக மாவட்ட வெப்ப மாற்றத் துறைக்குப் போன் செய்து சொன்னேன். உண்மையில் அது நேற்று சாயங்காலமே நின்றுவிட்டது.

ஓல்ட்ஸன் டீச்சர் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் தேதி, அடுத்து அன்றைய தவறு, பிறகு நடந்தது, கடைசியில் நாளைய வேலை. இப்படி எழுதிவந்தால் மனசு ஒழுங்குபடும் என்றார். செப்டம்பரிலிருந்து எழுதுகிறேன். பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

ஏன் பொய் சொன்னேன் என்றால், நேற்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே கூடாது, யாரும் ஆணிகூட அடிப்பதில்லை. காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டால் எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகும். அப்பாவோ நிலவறைக்குள் இறங்கி பாய்லரை ஸ்பானரால் நாலு சாத்து சாத்தினார். போனில் அந்தப் பெண் "எப்போ நின்னுச்சு?" என்று கேட்டதும் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. "இன்னிக்குக் காலையில" என்று சொல்லிவிட்டேன்.

பாய்லர் என்னைவிட வயதில் மூத்தது. கேஸில் ஓடுவது. அதற்கான உதிரிப் பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை. புதிதாக ஒரு கேஸ் பாய்லர் வைக்க எங்கள் ஊர் மோர்ஹாகனில் இனி அனுமதியும் இல்லை. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப்தான் வைக்க வேண்டும். அதன் விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாகத் தருகிறது; இன்று போனில் நான் விண்ணப்பித்தது அதற்குத்தான். தராவிட்டால், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நானும் ஓய்வுபெற்ற தபால்காரரான அப்பாவும் அதை விளம்பரத்தில்தான் பார்க்க முடியும்.

அவசரம் அப்பாவுக்குத்தான். கேசா அக்காவுக்கு நவம்பரில் பிரசவம். அத்தான் கப்பலில் இன்ஜினியர். ஜனவரிக்குப் பிறகுதான் கரை. அதுவரை குழந்தையோடு இங்கே வந்து இருப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். மாடி அறைக்கு அப்பா மூன்று தடவை மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் வேறு மஞ்சள். ஆனால் வீடு சூடாக இருந்தால்தான் வருவாள். இல்லையென்றால் ப்ரேமனில் இருக்கும் அவளுடைய மாமியார் லோமன் அம்மாவிடம் போய்விடுவாள். அங்கே எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர், குளிர்காலம் முழுக்க இருபத்துநாலு டிகிரி. லோமன் அம்மா டிசம்பரில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்குப் போட்டோ அனுப்புகிறவர்.

"என் பேரப்புள்ள முதல் குளிர்காலத்தை அந்தப் பொம்பள வீட்ல கழிக்கிறதா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்கிறார் அப்பா. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சொன்னதால் அவ்வளவு கம்பீரமாக இல்லை.

நாளைய வேலை: போன் செய்து தேதியைத் திருத்த வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றைய தவறு: நேற்றைய தவறைத் திருத்தினேன்.

போனை எடுத்த பெண் நான் சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்துபோனாள். "உங்க மேலயே தப்புன்னு நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்களா மேடம்! இருங்க, இத எங்க தலைவரே கேக்கணும்" என்று துறைத் தலைவர் டாக்டர் டீடமனுக்கு இணைப்புக் கொடுத்தாள். அவர் சட்டத்தில் டாக்டர். குரல் கம்பளி மாதிரி இருந்தது.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்மா. அப்போ, பாய்லர் ஞாயித்துக்கிழமையே நின்னுபோச்சு."

"ஆமா சார். சாயங்காலம்."

"நீங்க விண்ணப்பிச்சது திங்கட்கிழமை."

"ஆமா சார்."

"அடடா" என்றார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "மானியம் எதுக்குன்னா, ஓடிக்கிட்டிருக்கிற பழைய பாய்லரை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறதுக்கு. விண்ணப்பிச்ச அன்னிக்கு அது ஓடியிருக்கணும். அட, அன்னிக்கே நின்னிருந்தாக்கூட ஏத்துக்குவோம். உங்களோடது முந்தின நாளே போயிருச்சு."

"போனதாலதானே சார் புதுசு கேக்குறோம்?"

"புரியுது. கொஞ்சம் எங்க பக்கத்துலருந்து பாருங்க. ஓடுற பாய்லர் புகை விடுது. அதை எடுத்தா புகை குறையுது. அந்தக் குறைஞ்ச புகைக்குத்தான் நாங்க மானியம் தர்றோம். இப்போ உங்க வீட்ல புகை எவ்ளோ வருது?"

"ஒண்ணும் வரல சார்."

"பூஜ்யம். ஹீட் பம்ப்புக்குக் கரண்ட் வேணும். கரண்ட் தயாரிக்கிறதுல கொஞ்சம் புகை இருக்கு. பூஜ்யத்துலருந்து கொஞ்சத்துக்குப் போறது முன்னேற்றமா? நீங்களே சொல்லுங்க. அதுக்கு அரசாங்கம் எப்படி உடந்தையா இருக்கும்?"

"குளிருது சார்."

"குளிர் எங்க துறை இல்லம்மா" என்றார், மிகவும் அன்பாக.

நேற்றைய தேதியையே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இன்னேரம் ஒப்புதல் வந்திருக்கும். ஆனா அது உண்மை இல்லையே? உண்மைதானே முக்கியம்?" என்றார். முக்கியம்தான் என்றேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏண்டி, செத்த பாய்லரை ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூடுதலா உசுரோட வெச்சிருந்தா உனக்கு என்னடி கேடு?"

"தேதி தப்பா இருந்துச்சுப்பா."

"நான் ஆயுசு பூரா தபால் போட்டவன். தேதி தப்பான தபாலும் வீடு வந்து சேரும்!"

சாயங்காலம் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிவந்தேன். வீட்டு வயரிங்கும் பாய்லர் காலத்தது. ஹீட்டரையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டதும் ஃப்யூஸ் போய்விட்டது. மாடி அறையில் ஹீட்டர் மட்டும் போட்டாலே போகிறது. ஆகவே இனி சமையலறையில் சூடு வேண்டும் என்றால் டீ இல்லை. டீ வேண்டும் என்றால் சூடு இல்லை.

நாளைய வேலை: இன்னொரு ஸ்வெட்டர்.

அக்டோபர் 23, புதன்

இன்றைய தவறு: புகைபோக்கியைச் சுத்தம்செய்யும் சிம்னிக்காரரை உள்ளே விட்டேன். விடாமல் இருக்கவும் முடியாது. வருடத்துக்கு ஒருமுறை அவர் வந்து பாய்லர் புகையை அளப்பது சட்டம்.

எங்கள் வட்டாரத்துச் சிம்னிக்காரர் ஊபோ. அப்பாவோடு சீட்டாடுகிறவர். கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். சிம்னிக்காரரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பதால் அப்பா கதவைத் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு பொத்தான்களைப் பிடித்துத் தேய்த்தார்.

"விடுய்யா, பொத்தான் கழண்டுக்கப் போகுது" என்றார் ஊபோ. "என்னய்யா ஹின்ரிக் இது, வீடா, மீன் கிடங்கா?"

"பாய்லர் போச்சு. அளக்க ஒண்ணுமில்ல. காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்பு."

"ஓடுதா ஓடலையான்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்லய்யா. அளக்கத்தான் அதிகாரம்."

நிலவறைக்குப் போனோம். ஊபோ தன் கருவியின் குழாயைப் புகைபோக்கித் துவாரத்துக்குள் விட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பாய்லர் சும்மா இருந்தது. நாங்களும் சும்மா இருந்தோம். கருவி கீச்சென்று ஒரு சீட்டைத் துப்பியது.

"அடேயப்பா!" ஊபோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் இந்த வேலைக்கு வந்ததுலருந்து இப்படி ஒரு சுத்தமான பாய்லரைப் பாத்ததே இல்ல. புகை பூஜ்யம். கரி பூஜ்யம். கை கொடு!"

"அது செத்துக் கிடக்குய்யா."

"எப்படியோ. பலன் அபாரம். இது நேரா வெப்ப மாற்றத் துறைக்குப் போகுது."

"யோவ், அனுப்பாதய்யா. ஏற்கெனவே இவ போன் பண்ணி எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்கா."

"அனுப்பலன்னா என் லைசன்ஸ் போயிரும். உனக்காக என் பொத்தான் தேயட்டும், லைசன்ஸ் தேயக் கூடாது."

ஊபோ போனதும் அப்பா வீட்டின் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்தார். காலையும் மாலையும் பத்து நிமிடம், ஆள் வந்துபோனால் இன்னொரு பத்து நிமிடம் காற்று மாற்றாத வீட்டை அவர் வீடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தத் தெருவில் யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"அப்பா, உள்ளேயே ஒன்பது டிகிரிதான்."

"இருக்கட்டும். பழைய ஒன்பது வேற, புது ஒன்பது வேற."

நாளைய வேலை: துறை அலுவலகத்துக்கு நேரில் போக நாள் கேட்க வேண்டும்.

அக்டோபர் 30, புதன்

இன்றைய தவறு: வெப்ப மாற்றத் துறைக்குக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது சூடு. காத்திருப்போர் அறையில் எல்லோரும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தன. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைக் குறைக்கும் திருகு சிக்கிக்கொண்டதாம். அதைச் சரிசெய்யும் ஆள் வேறு துறையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் எந்த வேலையாக வந்தார் என்று கேட்டேன். "வேலையா? எனக்கு இங்க வேலை எதுவும் இல்லம்மா. வீட்ல குளிருது" என்றார்.

டாக்டர் டீடமன் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். மேசை மேல் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க ஆபீஸ் எதுல சார் ஓடுது?" என்று முதலில் கேட்டுவிட்டேன்.

"கேஸ்ல. நாங்கதான் ஊருக்கு முன்மாதிரியா இருக்கணும், இல்லையா? அந்த முன்மாதிரி இப்போ வரைவு நிலையில இருக்கு."

எங்கள் நிலைமையைச் சொன்னேன். அக்காவின் பிரசவம், மாடி அறை, மூன்று மஞ்சள்கள் எல்லாம் சொன்னேன். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

"ஒரு வழி இருக்கு. உங்க பாய்லரை ரிப்பேர் பண்ணி ஓட்டிக் காட்டுங்க. நல்லாப் புகை வரட்டும். நாங்க வந்து பாத்து, ரொம்ப மோசம்னு எழுதி, மானியம் கொடுத்துடுவோம்."

"பாகம் கிடைக்கல சார். இப்போ யாரும் செய்யுறதில்ல."

"அப்படியா? இன்னொரு வழி. உங்க தெருவுக்கே ஒரு நாள் பொதுக் குழாய்ல வெந்நீர் வரலாம். வருமா வராதான்னு நகர வெப்பத் திட்டம் சொல்லும்."

"திட்டம் எப்போ சார் வரும்?"

"எங்களோட வியூக அறிக்கை முடிஞ்சதும். வியூகத்தோட நாலாவது திருத்தம் போன மாசம்தான் முடிச்சோம். பக்கத்து மாவட்டத்துல ரெண்டாவது திருத்தத்துலயே திணறுறாங்க." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. "நீங்க நினைக்கலாம், இத்தனை வருஷத்துல எத்தனை வீட்டை மாத்தினீங்கன்னு."

நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ஏன்னு கேளுங்க. அவசரப்பட்டு ஒரு வீட்டை மாத்திட்டா, அது தப்பாப் போச்சுன்னா, அந்தத் தப்பு நம்ம கணக்குல ஏறிடும். மாத்தாத வீட்ல எந்தத் தப்பும் நடக்க முடியாது. பதினோரு வருஷமா எங்க துறை மேல ஒரு புகார் இல்ல. அதாவது நிறைய புகார் இருக்கு. எங்க வேலைல குறைன்னு ஒண்ணு இல்ல."

கிளம்பும்போது என் பெயரை எழுதினார். எழுதிய கை நின்றது. கணினியில் எதையோ தேடினார். திரையில் ஊபோவின் சீட்டு.

"புகை பூஜ்யம், கரி பூஜ்யம்... அந்த வீடு உங்களோடதா?" எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத முதல்லயே சொல்லக் கூடாதா!"

எனக்கு நம்பிக்கை வந்தது. அவருடைய கை ஈரமாக இருந்தது, சூட்டில்.

நாளைய வேலை: அப்பாவிடம் நல்ல செய்தி இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

நவம்பர் 11, திங்கள்

இன்றைய தவறு: இருக்கிறது என்றே சொல்லியிருந்தேன்.

நேற்று அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஃபென்யா. மருத்துவமனையில் அப்பா குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார். பிறகு ஜன்னலைத் திறக்கப் போனார். நர்ஸ் தடுத்துவிட்டாள்.

"வீடு எப்படி இருக்கு இம்கா?" என்று அக்கா கேட்டாள்.

"துறையிலருந்து ஏதோ வரப்போகுதுக்கா."

"ஏதோன்னா? வியாழக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. அத்தை கார் எடுத்துட்டு வர்றேன்னு நிக்கிறாங்க. பிறந்த குழந்தைடி இது. இதுக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டா ஒருநாள் உள்ளே குழந்தையைத் தேடணும்."

இன்று காலை துறையிலிருந்து ஆள் வந்தார். ஹீட் பம்ப் இல்லை. எங்கள் வீடு மாவட்டத்திலேயே முதல் புகையில்லா வீடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. வியாழக்கிழமை பிற்பகல் எங்கள் கூடத்திலேயே விழா. மாவட்டத் தலைவி வருகிறார். துறை ஊழியர்கள் அனைவரும் வருகிறார்கள். நாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதுவரை செய்ததுபோலவே எதுவும் செய்யாமல் இருந்தால் போதும் என்றார்.

"வரட்டும். நாலு கேள்வி கேட்டு அனுப்புறேன்" என்றார் அப்பா. பிறகு நான்கு கேக்குகளுக்கு மாவு பிசைய ஆரம்பித்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பியும் கேக்கும் கொடுக்காமல் திட்டுவது அவரால் முடியாது.

நாளைய வேலை: பக்கத்து வீடுகளில் நாற்காலி கடன் வாங்க வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

இன்றைய தவறு என்னுடையதல்ல. இப்படி எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். கூடம் நிறைந்து, நடைவழி நிறைந்து, மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெர்மாமீட்டரில் ஒன்பது. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் கேக் தின்றார்கள். டாக்டர் டீடமன் படம் காட்ட எடுத்துவந்த கருவியைப் போட்டதும் ஃப்யூஸ் போனது. படம் இல்லாததால் அவர் எல்லாவற்றையும் வாயாலேயே விவரிக்க வேண்டியதாயிற்று.

"பெருமக்களே! வெப்ப மாற்றம் என்றால் ஒரு வெப்பத்திலிருந்து இன்னொரு வெப்பத்துக்கு மாறுவது என்று சாமானிய மக்கள் நினைக்கிறார்கள். இந்தக் குடும்பம் ஒரு படி மேலே போய், வெப்பமே இல்லாமல் மாற்றத்தை மட்டும் நிகழ்த்திக் காட்டியிருக்கிறது!"

பலத்த கைதட்டல். கையுறைகளோடு தட்டியதால் மெத்தென்று கேட்டது.

"இதற்கு அரசுக்கு ஆன செலவு? ஒன்றுமில்லை. எங்கள் துறை எடுத்த முயற்சி? அதுவும் ஒன்றுமில்லை. இதைவிடச் சிக்கனமான சாதனையை எந்த மாவட்டமாவது காட்டட்டும்!"

அவர் முடித்தபோது தெர்மாமீட்டரில் பதிமூன்று. நான் தவறாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். அடுத்து மாவட்டத் தலைவி, தான் சிறுமியாக இருந்தபோதே கதகதப்பை விரும்பியதில்லை என்று பேசினார். பதினாறு. முன்வரிசைக்காரர்கள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார்கள். சிம்னிக்காரர்கள் சார்பில் ஊபோ பேச எழுந்து, எங்கள் பாய்லரின் நற்குணங்களை இழவு வீட்டில் பேசுவதுபோலப் பேசினார். பதினெட்டு. நன்றியுரை ஒன்று, நன்றியுரைக்கு நன்றி ஒன்று. இருபது.

அப்போதுதான் அக்கா வந்தாள். மருத்துவமனையிலிருந்து ப்ரேமன் போகும் வழியில் தன் துணிமணிகளை எடுத்துக்கொள்ள வந்தவள், குழந்தையோடு வாசலில் நின்றாள். பின்னாலேயே லோமன் அம்மா.

"இம்கா," என்றாள் அக்கா, "நம்ம வீடாடி இது? இவ்ளோ கதகதன்னு இருக்கு?"

லோமன் அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். "பரவால்லையே சம்பந்தி. நான் பயந்துக்கிட்டே வந்தேன்."

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அக்கா கோட்டைக் கழற்றினாள். குழந்தையின் தொப்பியைக் கழற்றினாள். "சரி அத்தை, நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்றாள்.

வாசலில் பித்தளைப் பலகை ஒன்றை அறைந்துவிட்டு எல்லோரும் விடைபெற்றார்கள். அப்பா கடைசி ஆள் வரை கைகுலுக்கி வழியனுப்பினார். பிறகு, ஆள் வந்துபோன வீடல்லவா, ஆனந்தத்தோடு கூடத்து ஜன்னல்கள் அத்தனையையும் அகலத் திறந்தார்.

நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதுகில் குளிர் பட்டதும் ஓடினேன். அதற்குள் பதினொன்று.

"அப்பா!"

"என்ன? காத்து மாறணும்ல" என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கை ஜன்னல் கைப்பிடியிலேயே நின்றது. மூடினார். எல்லாவற்றையும் மூடினார். நாங்கள் தெர்மாமீட்டரைச் சுற்றி நின்றோம். பத்து. ஒன்பது.

அக்கா மறுபடி குழந்தைக்குத் தொப்பியை மாட்டினாள்.

"கார்ல ஹீட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்மா, வா" என்றார் லோமன் அம்மா. வெற்றிபெற்ற குரல் இல்லை. அதனால் அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கார் திரும்பும் வரை பித்தளைப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

நான் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். சுவர் அதே சுவர். பாய்லர் அதே பிணம். மதியத்துக்கும் இப்போதுக்கும் வித்தியாசம் என்ன? துறை இருந்தது, துறை போய்விட்டது. கூடவே அத்தனை பேரின் உடம்புச் சூடும்.

நாளைய வேலை: வியூகத்தின் ஐந்தாவது திருத்தத்துக்கான கூட்டத்தை எங்கே நடத்துகிறார்கள் என்று டாக்டர் டீடமனிடம் விசாரிக்க வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைய தவறு: இதுவரை ஒன்றும் இல்லை. அதுதான் கவலையாக இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். டாக்டர் டீடமனிடம் போய், அலுவலகச் சூட்டில் கூட்டம் நடத்துவது கஷ்டமாக இருக்குமே, மாவட்டத்தின் முதல் புகையில்லா வீட்டின் கூடம் காலியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் மின்விசிறியை நிறுத்தினார்.

"அம்மா, களத்துக்கே போய் வியூகம் வகுக்கிறது! பக்கத்து மாவட்டத்துக்காரன் செத்தான்."

நவம்பர் 18லிருந்து துறை முழுவதும் எங்கள் கூடத்தில்தான். வேலை நாள்களில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. பதினெட்டுக்குக் குறையும்போது அப்பா, "சார், சிக்கனம்னா என்னன்னு எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல" என்பார். டாக்டர் டீடமன் எழுந்து விளக்குவார். இரண்டு டிகிரி ஏறும். சனி, ஞாயிறுகளில் ஊபோவின் சிம்னிக்காரர் பாட்டுக் குழு இங்கே ஒத்திகை பார்க்கிறது. பாட்டு மோசம், சூடு பிரமாதம்.

முதல் வாரமே அக்கா குழந்தையோடு வந்துவிட்டாள். சூடு மேலே ஏறும் என்பதால் மஞ்சள் அறைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம்; ஜன்னல் பக்கம் அப்பாவை விடாததால் காலை வரை சூடு நிற்கிறது. டாக்டர் டீடமனின் குரல் தரை வழியாகக் கேட்டால்தான் ஃபென்யா தூங்குகிறாள். அவர் காப்பி குடிக்க நிறுத்தினால் அழுகிறாள். லோமன் அம்மாவும் அடிக்கடி ப்ரேமனிலிருந்து வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். "அந்தப் பொம்பள தனியாவே ஒரு டிகிரி தேறும்" என்று அப்பா ஒப்புக்கொள்கிறார்.

துறையும் எங்களைத் தன் முதல் வெற்றியாகப் பதிவு செய்துவிட்டது. எரிபொருள் என்ன என்று ஒரு ஊழியர் சந்தேகம் எழுப்பினார். "நாம கேக்குல ஓடுறோம்" என்றார் டாக்டர் டீடமன். "கேக் கோதுமைல வருது. கோதுமை வருஷா வருஷம் விளையுது. இதைவிடப் புதுப்பிக்கத்தக்கது எது?"

எல்லாம் நன்றாக இருந்தது. இன்று சாயங்காலம் அவர் எழுந்து, கண்கள் பனிக்க, ஐந்தாவது திருத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். நாளை காலை கையெழுத்து. அதன்பின் கூட்டம் இல்லை. அடுத்த திருத்தம் கோடைக்குப் பிறகுதான்.

அப்பா கேக் தட்டோடு அப்படியே நின்றார். அக்கா மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்போ நான் மூட்டை கட்டணுமா?" என்றாள்.

எல்லோரும் போனபின், மேசையில் அவர்கள் விட்டுச்சென்ற வியூகத்தைப் புரட்டினேன். படிப்பதற்கு அல்ல; எழுத்துப் பிழை பார்ப்பது என் பழக்கம். முதல் பக்கத்தில் முதல் வரி: வெப்ப மாற்றத் துறை 2013 மார்ச் 3 அன்று அலுவலகத்தில் கூடித் தொடங்கப்பட்டது. காலண்டரைத் தேடிப் பார்த்தேன். ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகமும் திறக்காது. அப்படியென்றால் தேதி தவறு. அல்லது துறை முறைப்படி தொடங்கப்படவே இல்லை. எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் முதல் பக்கத்திலிருந்து பார்த்துவர வேண்டும். டாக்டர் டீடமனுக்கு உண்மைதான் முக்கியம்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி வரியைப் படித்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ நாள் இழுக்கும்?"

"பதினோரு வருஷத்தைத் திரும்பப் பாக்கணும்பா. நிதானமா பாத்தா ஏப்ரல் வந்துரும்."

"நிதானமாத்தான் பாப்பாங்க" என்றார். பிறகு மாடியைப் பார்த்து, "கேசா! மூட்டையெல்லாம் ஒண்ணும் கட்ட வேணாம்!" என்று கத்தினார். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவசரத்துக்கு ஓடிப்போய் வியூகத்தின் இரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தேன். தூங்கிவிட்டாள்.

போன தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருத்தி என்ன ஆனது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் தவறு தவறுதான். சொல்லாமல் இருக்க முடியாது. கையெழுத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நாளைய வேலை: சந்தோஷத்தில் அப்பா மறுபடி திறந்துவிடாதபடி, எட்டரை மணிக்குள் கூடத்து ஜன்னல் கைப்பிடிகள் அனைத்தையும் கழற்றி, அப்பாவுக்குத் தெரியாமல் பாய்லருக்குள் வைக்க வேண்டும். பிறகு டாக்டர் டீடமனிடம் தேதியைச் சொல்ல வேண்டும்.